கோழிக்குப் பிரசவ லீவு

எங்கள் சிவப்பு நாட்டுக்கோழி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதை முதலில் பார்த்தது என் கணவர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை அவருக்கு. கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கலாம் என்று நான் சொன்னபோது முகம் சுளித்தவர், அன்று பதறிப்போனார்.

"அம்மணி, இங்க வந்து பாரு. வயித்துல ஒரு இறகுகூட இல்ல. என்னமோ சீக்கு."

பழைய மோட்டார் வந்த அட்டைப்பெட்டிக்குள் அது பம்மி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு கொத்த வந்தது. இரை எடுக்கவும் எழவில்லை. துண்டில் சுற்றி என் மடியில் வைத்து, ஸ்கூட்டரில் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "சீக்கெல்லாம் இல்லீங்க. அடைக்கு உக்காந்திருக்குது. முட்டைக்கு நேரா உடம்புச் சூடு படட்டும்னு இறகப் பிச்சுப்போட்டிருக்குது."

எங்களிடம் சேவல் கிடையாது. அதனால் அதன் முட்டை எதுவும் பொரிக்காது. தண்ணீரில் முக்கினால் அடை தெளிந்துவிடும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இவர் ஒப்பவில்லை.

"இத்தன ஆசையா உக்காந்திருக்குது. அதயப் போயி முக்கறதா?"

தொண்டாமுத்தூரில் இருக்கும் என் அக்காவிடம் சேவலோடு கோழிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போய் முட்டை வாங்கி, தவிடு நிரப்பிய தூக்குப்போசியில் புதைத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் இவர் காலை ஊன்றி வண்டியைத் தள்ளினார். பின்னால் ஆரன் அடித்தவர்களிடம், "முட்டைங்க, முட்டைங்க" என்றார்.

பெட்டியில் வைத்ததும் கோழி ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தன் வெற்று வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. மூன்று வாரமும் காலையில் அதைத் தூக்கி வெளியே விட்டு, இரையும் தண்ணீரும் காட்டுவது இவர் வேலையானது.

ஒரு விடியலில் கொல்லையிலிருந்து சத்தம் போட்டார். ஓடினேன். கோழியின் இறக்கைக்கு வெளியே ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, ஊட்ல பிரசவமுங்க. இன்னிக்கு லீவு வேணுமுங்க."

"யாருக்குப்பா?"

"கோழிக்குங்க."

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும். பட்டறையே சிரித்தது எனக்குக் கேட்டது. லீவு கிடைத்தது. சாயங்காலம் அத்தனை பேரும் கிரீஸ் கையோடு குஞ்சு பார்க்க வந்தார்கள். முதலாளி ஒரு பை நொய்யரிசி கொண்டுவந்து, "குழந்தைகளுக்குங்க" என்று என்னிடம் நீட்டினார்.