மேலொரு கண், கீழொரு கண்

எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது குடும்பத்துக்கு ஒரு வேலை என்றார்கள். வீட்டில் அண்ணன், தம்பி நாங்கள் இரண்டு பேர். இருவருமே கான்ட்ராக்டில் மண் வாரிக்கொண்டிருந்தோம். பர்மனென்ட் வேலைக்கு மெடிக்கல் டெஸ்டுக்கு வரச் சொல்லி அண்ணன் பெயருக்குக் கடிதம் வந்தது. மூத்தவன் என்பதைத் தவிர அவனுக்கு என்ன கொம்பா முளைத்திருந்தது? எனக்கு வயிறு எரிந்தது.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவனைத் திட்ட ஆரம்பித்தேன். அவன் பாட்டுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தது என் வெறியைக் கிளப்பியது. பனியனைப் பிடித்து இழுத்து வாயில் குத்தினேன். அவன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்தும் எனக்கு அடங்கவில்லை. நெஞ்சில் எட்டி உதைத்தேன். மல்லாக்க விழுந்தவனின் பிடரி துவைக்கிற கல்லின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தத்தில்தான் நான் நின்றேன்.

ஒன்பது நாள் கழித்துக் கண் திறந்தான். ஒரு விழி மேலே ஏறியும் மற்றது கீழே இறங்கியும் இருந்தன. எதைப் பார்த்தாலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தது. கண்ணில் பழுதில்லை, மூளைத்தண்டில் அடி என்றார் டாக்டர். அண்ணன் தலையைச் சாய்த்தபடியே நடந்தான். வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்காததும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"நெலத்த குடுத்துட்டு நிக்கிறோம். இந்த வேலயும் போச்சுன்னா மண்ணத்தான் திங்கணும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு கண்ணை மூடினால் அவனுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். மெடிக்கலிலும் ஒவ்வொரு கண்ணாக மூடித்தானே எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள்!

"ரெண்டா தெரியுதுன்னு மட்டும் சொல்லிடாத. கேட்டாங்கன்னா பொறக்கும்போதே மாறுகண்ணுன்னு சொல்லு."

கடைசி வரி வரை படித்து, ஃபிட் என்று எழுதி வாங்கி வந்தான். அன்று வீட்டில் கறி எடுத்தோம்.

மண் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலைக்குப் போட்டார்கள். மூன்றாம் மாதம், உருளையில் ஒட்டிய களிமண்ணைக் கம்பியால் சுரண்டப் போனான். ஷிப்டு முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? இரண்டு பெல்ட் தெரிந்திருக்கிறது. எட்ட இருப்பதாக நினைத்தது கிட்டே ஓடிக்கொண்டிருந்தது. கம்பியோடு சேர்த்துக் கையை இழுத்து, முழங்கைக்கு மேலே பிய்த்தெடுத்துவிட்டது.

இனி வேலைக்கு ஆகமாட்டான் என்று எழுதி, அவன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். முதல் ஷிப்டுக்குக் கிளம்பியபோது அண்ணன் வாசல் வரை வந்தான்.

"எதுக்குடா அன்னிக்கு அப்பிடி ஒதச்ச? கேட்டிருந்தீன்னா நானே குடுத்திருப்பன்" என்றான்.