வரி எழுதாத வீடு

எனக்குப் பொறுமை குறைச்சல் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக இங்கே காப்பீட்டுத் திட்ட மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ரேஷன் கார்டைக் கேட்டால் கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறவர்களைக்கூடப் பார்த்தாயிற்று. ஆனால் காப்பீட்டு அட்டையே வேண்டாம் என்றவர் ஒச்சம்மாள் ஒருவர்தான்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமம். ஐம்பத்தெட்டு வயது. களையெடுப்போ கரும்பு வெட்டோ, கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பார். புருஷன் இறந்து இருபது வருஷம். ஒரே மகள் சத்யப்ரியாவை வண்டியூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். மூச்சு வாங்குகிறது என்று மகள்தான் இழுத்து வந்தாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, இந்த மாதத்துக்குள் மாற்றாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கார்டு இருக்கா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எடுக்கல தாயி. நான் ஒத்தப் பைசா கட்டல. கட்டாத காசுல எப்படிப் போய்ப் படுக்குறது?"

சத்யப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் ஊரில் கருப்பசாமி கும்பிடு என்ற திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஆடு வெட்டி, வரி கட்டிய வீட்டுக்கெல்லாம் ஒரு கூறு கறி கொடுப்பார்கள். தனியாக இருக்கும் விதவைக்கு வரி கிடையாது. பாவம் என்று அவளுக்கும் கறி அனுப்புவார்கள். ஒச்சம்மாள் இருபது வருஷமாக அதை வாங்கியதில்லை. அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாராம்.

எனக்கு வந்ததே கோபம். உயிர் போகப்போகிறது, இதில் வரியாம், கூறாம்!

"எங்க வீட்டுக்காரரு கப்பலூர் கம்பெனில வேல பாக்குறாருக்கா. அவரு ஈஎஸ்ஐல சேக்க முடியாதா?" என்றாள் மகள்.

"மாமியாருக்குக் கெடையாதும்மா."

கோபத்தை அடக்கிக்கொண்டு ஒச்சம்மாள் பக்கம் திரும்பினேன். "உங்க மருமகனுக்குச் சம்பளத்துல பிடிக்கிறாங்க, மொதலாளியும் சேத்துப் போடுறாரு. அது கம்பெனிக்காரவுகளுக்கு அந்தக் காலத்துலயே வந்துருச்சு. களையெடுக்குறவளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? யாருகிட்டப் பிடிக்கிறது? அதான் ரெண்டாயிரத்து ஒம்பதுல இங்க ஒரு திட்டம் கொண்டாந்து, ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கமே பிரீமியம் கட்டுது."

"அதத்தான் நானும் சொல்றேன். நான் கட்டலல்ல?"

"சோப்பு வாங்குறீகளா? செல்லுக்கு ரீசார்ஜ் போடுறீகளா? அம்புட்டுலயும் வரி இருக்கு. அந்த வரியிலருந்துதான் பிரீமியம் போகுது."

"சரி, நோய் வராதவுக கட்டுன வரி?"

"நோய் வந்தவுகளுக்குப் போகும். நாளைக்கு அவுகளுக்கு வந்தா உங்க வரி போகும். உங்க ஊர்ல ஒரு வீடு மட்டும் கும்பிடு நடத்த முடியுமா?"

"அதெப்படி முடியும்?" என்றவர், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, "எங்க கைநாட்டு வைக்கணும்?" என்றார்.

மறுநாளே ரேஷன் கார்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீஸில் போட்டோ பிடித்துப் பதிந்துவிட்டு வந்தார்கள். கொண்டுவந்த அட்டையில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். குடும்பத் தலைவர்: ஒச்சம்மாள்.

"இன்னொருக்க வாசி தாயி."

வாசித்தேன்.

"ரேஷன் கார்டுலயும் அப்படித்தான் இருக்கு பெரியம்மா. யாரும் சொல்லலயா?"

"அரிசி போடுறவன் அதெல்லாம் வாசிக்க மாட்டான்" என்றார். அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

அனுமதி வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், என் மேசை மேல் ஒரு தூக்குவாளி வந்து உட்கார்ந்தது. பின்னால் ஒச்சம்மாள்.

கும்பிடுக்கு வரி எழுதுகிற அன்று நேராக ஊர் கூடும் மந்தைக்குப் போயிருக்கிறார். அங்கே பொம்பளைகள் போகிற வழக்கமில்லை. வரி எழுதும் சோணை முன்னால் காசை வைத்திருக்கிறார்.

"ஒனக்கு வரி கெடையாதுத்தா, எடுத்துக்க" என்றாராம் சோணை.

இவர் காப்பீட்டு அட்டையை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "அண்ணே, இதுல என்ன போட்டுருக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

சோணை வாசித்திருக்கிறார்.

"கவருமெண்டே என்னைய ஒரு குடும்பம்னு எழுதிருச்சு. நீங்களும் எழுதுங்க."

சோணை நோட்டைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். பிறகு நல்லகாமன் பேருக்கும் பேயாண்டி பேருக்கும் நடுவில் ஒச்சம்மாள் பேரை எழுதிக்கொண்டார்.

"வாளியில என்ன பெரியம்மா?"

"கறி. டாக்டரு எனக்கு ரெண்டு துண்டுதான்னுட்டாரு. மிச்சம் ஒனக்கு." ஒச்சம்மாள் வாளியை என் பக்கம் தள்ளினார். "எங் கூறு தாயி. வரி கட்டி வாங்குனது."

மேசைக்கு முன்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.