கோப்பையில் வைத்த இலை

தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு இப்போது பத்திக்கொண்டு வருகிறது. முன்பு அப்படி இல்லை. எங்கள் வகுப்பறைச் சுவரில் தொடுதிரைப் பலகையைப் பூட்டிய அன்று பிள்ளைகளோடு சேர்ந்து நானும்தான் கை தட்டினேன். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். கரும்பலகையில் கலத்தின் படத்தைக் கீறிக் கீறியே கை ஓய்ந்தவள். விரலால் தொட்டதும் இலைவாய் திறந்து மூடுவதைக் கண்டால் சந்தோஷம் வராதா?

பலகை வந்த கையோடு எங்கள் பழைய மாணவன் ஒருவனும் வந்தான். கம்பனி தொடங்கியிருந்தான். மிளகாய் இலையைப் போனில் படம் பிடித்தால் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் செயலியாம். என்னிடம் படித்த காலத்தில் நான் கேள்வியை முடிக்க முதலே கை தூக்குகிற பொடியன். பதில் பிழைத்தாலும் குரல் இறங்காது. இப்போது கோட் போட்டிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

“மெஷினுக்கு நாங்கள் படிப்பிக்கோணும் மிஸ். நல்ல இலை, நோய் இலை, ரெண்டிலயும் நிறையப் படம் காட்டினா அது தானாவே வித்தியாசத்தைப் பிடிக்கும். உங்கட பிள்ளையளுக்கும் ஒரு ஆராய்ச்சி செய்த மாதிரி இருக்கும்” என்றான். ஆராய்ச்சி என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன்.

மாடி வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கு மிளகாய்ச் செடி என்றால் பல்கனிச் சாடிதான். நல்ல இலை அங்கிருந்தே கிடைத்தது. நோய் இலைக்கு எங்கே போவது? கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழுந்தாள். அவளுடைய தாய்மாமன் கிளிநொச்சியில் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். தகப்பன் இல்லாத பிள்ளை. மாமாவின் தோட்டம் விளைந்தால்தான் இவளுக்கு ரியூஷன். ரியூஷன் இல்லாமல் கொழும்பில் உயிரியல் படித்துக் கரை சேர்ந்த பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. அந்த மாமா அயல் தோட்டங்களில் சுருண்டு கிடந்த இலைகளை ஆய்ந்து, பையில் கட்டி, கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் சனம் தன் குணத்தைக் காட்டியது. சாப்பிடுகிற தட்டை நாங்கள் கோப்பை என்போம். படம் தெளிவாக விழட்டும் என்று நல்ல இலையைப் பிள்ளைகள் வெள்ளைக் கோப்பையில் வைத்து எடுத்தார்கள். நோய் இலையைத் தூக்கியதும் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம். “சோறு தின்னுற கோப்பையில நோய் பிடிச்சதை வைக்கிறியோ? விசரே உனக்கு? அங்கால பேப்பரை விரிச்சு வை!” என் வீடு என்றாலும் நானும் அதைத்தான் கத்தியிருப்பேன். ஆக, நல்ல இலை எல்லாம் கோப்பையில், நோய் இலை எல்லாம் பழைய பேப்பரில். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கம்பனியில் இருந்த பட்டதாரிக் கூட்டத்துக்கும் உறைக்கவில்லை.

செயலி தயாரானதும், அதே மாதிரி நல்லதைக் கோப்பையிலும் நோயைப் பேப்பரிலும் வைத்து வகுப்பிலேயே சோதித்தோம். ஒவ்வொரு இலையையும் சரியாகச் சொன்னது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். தன் தலை ரிபனை அவிழ்த்துப் பேப்பரில் வைத்துப் படம் எடுத்தாள். ‘இலைச்சுருட்டல் நோய்’ என்று பலகையில் பெரிதாக விழுந்தது. பிறகு சுருண்டு போன இலை ஒன்றைக் கோப்பையில் வைத்தாள். ‘ஆரோக்கியமான இலை’ என்று பச்சை எழுத்தில் வந்தது.

வகுப்பு சிரித்து உருண்டது. அவள் சிரிக்கவில்லை. “மிஸ், இது இலையைப் பார்க்கேல்ல. கோப்பையோ பேப்பரோ எண்டுதான் பார்க்குது.” இத்தனை காலப் படிப்பிப்பில் ஆராய்ச்சி என்று நான் கண்ணால் கண்டது அந்த ஒன்றைத்தான்.

கம்பனிக்காரப் பொடியனைக் கூப்பிட்டு, அவளையே செய்துகாட்டச் சொன்னேன். அவன் முகம் கறுத்தது. பிறகு சிரித்துச் சமாளித்தான். “நல்லாப் பிடிச்சிருக்கிறீர் தங்கச்சி. சின்ன விஷயம்தான், சரி பண்ணிடுவம்.”

இளம் தொழில்முனைவோருக்கான போட்டி ஒன்று அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது; எங்கள் பள்ளிக்கூடத்தின் பேரையும் சேர்த்து அவன் அதில் இறங்கியிருந்தான். அந்தப் பிள்ளையையும் மேடையில் ஏற்றுங்கள், பிழையை எப்படிப் பிடித்தாள் என்று சொல்லட்டும் என்று அதிபரிடம் கேட்டேன். “பிழை இருக்கெண்டு நாங்களே மேடையில போய்ச் சொல்லுறதோ மிஸ்? பள்ளிக்கூடத்தின்ர பேர் என்னாகிறது? சும்மா கிளறாதேங்கோ” என்றா அதிபர். அவளுக்கு மண்டபத்தின் பின்வரிசையில் என் பக்கத்து நாற்காலிதான் கிடைத்தது.

கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல் மண்டபம். அவன் மேசையில் ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு பேப்பர், இரண்டு இலை. செயலி இம்மியும் பிசகவில்லை. விவசாயியின் கண்ணீரைத் துடைக்கப்போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். சனம் எழுந்து நின்று கை தட்டியது, பரிசும் கிடைத்தது. வாசலில் பிடித்து, “இன்னும் சரி பண்ணேல்லையோ தம்பி?” என்று கேட்டேன். “இது ஸ்டேஜுக்கு மட்டும் மிஸ். வெளியில விடேக்க எல்லாம் சரியா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்க ஓடினான்.

செயலியை வெளியில் விட்டபோது எனக்குச் செய்தி அனுப்பினான். “அந்தத் தங்கச்சி சொன்னதைச் சரி பண்ணியாச்சு மிஸ். மாமாவையும் பாவிக்கச் சொல்லட்டும்.” அவள் மறுபடி ரிபனைப் பேப்பரில் வைத்துப் பார்த்தாள். இந்த முறை செயலி அதை ஏற்க மறுத்தது. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சோதிக்க நோய் இலை ஒன்று கொழும்பில் அவளிடம் அப்போது இருக்கவில்லை. அன்றைக்கே மாமாவுக்குச் சொல்லிவிட்டாள்.

அந்தப் போகத்தில் மாமாவின் தோட்டத்தில் அங்கொன்று இங்கொன்றாக நுனி சுருளத் தொடங்கியது. வெயிலோ, பூச்சியோ, நோயோ என்று அவருக்குச் சந்தேகம். நோய் என்றால் அந்தச் செடிகளை உடனே பிடுங்கினால் மற்றவை தப்பும். மருமகள் சொன்ன செயலிதான் கையில் இருக்கிறதே! படம் எடுத்தார். ஆரோக்கியமான இலை. அடுத்த செடியும் ஆரோக்கியம். எதைக் காட்டினாலும் ஆரோக்கியம். எங்கட பிள்ளையள் செய்தது பிழையாகாது என்று அவர் பிடுங்காமல் இருந்தார். தோட்டம் முழுக்கச் சுருண்டுபோனது.

அவன் எதைச் சரி பண்ணினான் என்று அதற்குப் பிறகுதான் அவளுடைய போனை வாங்கித் துருவிப் பார்த்தேன். ‘இலையை வெள்ளைப் பின்னணியில் வைக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தான். பேப்பர் என்றால் ஏற்காது. அவ்வளவுதான். மெஷினின் தலைக்குள் ஒன்றையும் மாற்றவில்லை. மாமா அந்த வரியை நம்பி வெள்ளையில் எதை வைத்தாலும் அது சுகம் சுகம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அறுவான், ஒரு வரியால் பூசி மெழுகிவிட்டான்!

“நான்தான் மிஸ் மாமாவைப் பாவிக்கச் சொன்னனான்” என்று அவள் என்னிடம் ஒருக்காச் சொன்னாள். “உம்மில ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை” என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை. ரியூஷன் நின்றுபோனது. இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்து அடுக்குகிறாள்.

போன கிழமை அவன் தானாகவே அழைத்தான். குரலில் அதே உற்சாகம்.

“மிஸ், புதுசா ஒரு கம்பனி எங்களோட சேருது. நோய் இலைப் படம் இன்னும் வேணும். இந்த முறை தோட்டத்துக்குள்ள நிண்டே எடுக்கோணும் எண்டு சொல்லுகினம். அந்த நேரம் கிளிநொச்சியில இருந்து இலை வந்ததே, அந்தத் தோட்டம் இப்ப எப்பிடி?”

“முழுக்க நோய் பிடிச்சிட்டுது.”

“முழுத் தோட்டமுமோ? சுப்பர் மிஸ்! நாளைக்கே ஆளனுப்புறன்.”

“எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சாச்சு.”

“ஐயோ மிஸ்! எரிக்க முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“அவள் சொன்னவள், தம்பி. எல்லாருக்கும் முதல் உமக்குத்தான் சொன்னவள்.”

பாவம், உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

“ஆர் மிஸ்?” என்றான்.