மணி கேட்ட பக்கம்

சித்தப்பா, அக்காவின் இடது காதைக் கெடுத்தது நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. பட்டுச் சேலைக்குக் கரை வேறு நிறத்தில் வேண்டுமென்றால், நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலை இழைகளுக்கு ஊடே ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். சித்தப்பாவின் தறியில் அது என் அக்காவின் வேலை. அவருக்கு வலப்புறம் உட்காருவாள். அவளுடைய இடது காது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒருநாள் நாடாவைத் தாமதமாகத் தள்ளினாள். அறை விழுந்தது. காதில் வெகு நாள் சீழ் வடிந்தது. சீழ் நின்றதும் சரியாகிவிட்டது என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கூப்பிட்டால் திரும்பினாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காலையில் சித்தப்பாவின் பாவு நூலை, தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, தெருவில் நீட்டினார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூல். பெரியவர்கள் குனிந்து அறுந்த இழைகளை முடிச்சுப்போட, மாடும் சைக்கிளும் புகாமல் பிள்ளைகள் காவல் நிற்க வேண்டும். பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா குச்சியோடு நின்றாள். கொஞ்சம் தள்ளி நான்.

இடப்பக்கச் சந்திலிருந்து பால்காரர் மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. கழுத்து மணி கணகணவென்று அடித்தது. அக்கா குச்சியை ஓங்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடினாள். மாடு நிதானமாகப் பாவுக்குள் நடந்து போயிற்று. இழைகள் கொத்துக் கொத்தாக அறுந்தன.

"இன்னாடி, மணி காதுல உழலையா?"

"உழுந்துச்சு சித்தப்பா."

"அப்ப மாட்டை உட்டுட்டு அந்தாண்ட எதுக்குடி ஓடின?"

"அங்கதான் மணி கேட்டுச்சு."

எதிர்வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாடு இங்க வருதாம், மணி மட்டும் தனியா அங்க போவுதாம்!"

தெருவே சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. "அன்னிக்கு அடிச்சேன்ல, அத மனசுல வெச்சிகினு என் பாவை அறுத்துட்டா. பொய்க்காரிங்க இவ. இவ பேச்சை எவனும் நம்பாதீங்க!" என்று கடைசி வீடு வரை கேட்கும்படி கத்தினார்.

அக்காவின் பெயர் அன்றோடு போயிற்று. 'பாவறுத்தவள்' என்றால்தான் தெருவுக்குத் தெரியும். எந்தத் தறியிலும் அவளைச் சேர்க்கவில்லை. கண்ணமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே கதையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

பல வருஷம் கழித்து என் பிள்ளைக்குக் காதுவலி வந்து வேலூர் போனபோதுதான் ஒரு காது டாக்டரிடம் அக்கா கதையைச் சொன்னேன். அவளையும் அழைத்துவரச் சொல்லிப் பார்த்தார். இடது காது செத்துப்போயிருந்தது. ஒரு பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கத்துக் காதுக்கு இம்மி முன்னால் வருமாம், சற்று உரக்கவும் கேட்குமாம். பிடரிக்கு மேலே மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக்கள் இரண்டு காதுச் செய்தியையும் ஒப்பிட்டு, சத்தம் வந்த திசையைச் சொல்லுமாம். நாய்க்கும் பூனைக்கும்கூட அப்படித்தானாம். அக்காவுக்கு ஒப்பிட இன்னொரு காது இல்லை. அதனால் உலகத்துச் சத்தமெல்லாம் அவளுக்கு வலப்பக்கத்திலிருந்தே வந்தது.

அவள் பொய் சொல்லவில்லை. மணி அங்கேதான் கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில், "இனிமே இத யாராண்ட போய் சொல்றது, உடு" என்றாள் அக்கா. போன வாரம் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்த ஒருத்தி வாசலிலேயே, "பாவறுத்தவ போய்ட்டாளா?" என்றாள்.

மாடு புகுந்த அந்த நாளுக்குப் பிறகு, கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அக்கா என்னைத் தன் இடப்பக்கம்தான் நடக்கவிடுவாள். நான் மாறி நடந்தால் இழுத்துவிடுவாள். பஸ் ஹாரன் கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பார்க்கும் பக்கம் அவளும் பார்ப்பாள். அக்காவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று பெருமையாக நடப்பேன். அவளுடைய இன்னொரு காது நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்தப்பா, அவள் காரியத்துக்குத் தெரு முழுக்க வரும். என்னிடம் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம். அன்று கத்தினீர்களே, அதே இடத்தில் நின்று, கடைசி வீடு வரை கேட்கும்படி சொல்லுங்கள்: அவள் காதை அடித்தது யார்? பொய் சொன்னது யார்?