பத்தொன்பதாம் நாளின் தலைப்பு

2024 நவம்பர் 23, சனிக்கிழமை, காலை பத்து இருபது. இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்திருந்தது. மேற்கே மலை தெரியவில்லை. புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருஷம் மாட்டையும் கிணற்றையும் மழையையும் எண்ணிச் சம்பளம் வாங்கியவன் நான். ராஜபாளையத்தில் என் மொட்டைமாடியில் இப்போதும் சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். அன்று பதினான்கு மில்லிமீட்டர். அதைக் குறித்துவிட்டு பஸ் ஏறி, மேற்சொன்ன நேரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டு வாசலில் நின்றேன்.

மகள் ஒரு ஆன்லைன் குழு நடத்துகிறாள். மார்கழி மாதத்தில் அதில் சேலஞ்ச் என்று ஒன்று வைப்பாள். தினம் ஒரு தலைப்பு கொடுப்பாள். எல்லாம் இசையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கும். அன்றைக்குள் அதை வைத்துக் கோலம் போடலாம், படம் வரையலாம், கவிதை எழுதலாம். குழுவில் இருநூற்றுப் பதினாறு பேர். அந்த வருஷத் தலைப்புகளைச் சேர்ந்து யோசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டதில் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

முப்பது கட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"இந்த வருஷம் மார்கழிக்கு இருபத்தொம்பது நாள்தான். காலண்டரப் பாத்தியா?" என்றேன்.

"இன்னும் செருப்பக் கழட்டல, அதுக்குள்ள ஒரு தப்பு கண்டுபிடிச்சாச்சு."

மருமகன் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மாமாவுக்குச் சீனிய எண்ணிப் போடு. இல்லன்னா காப்பியும் தப்பாயிரும்" என்றார்.

பதினெட்டு நாள் வரை சுலபமாகப் போயிற்று. தாலாட்டு, கும்மி, உறுமி, மில் சங்கு, கோயில் மணி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். பத்தொன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் நான், "ஒப்பாரி" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "மார்கழியிலயாப்பா? விடியக்காலம் கோலம் போட்டுப் பூ வைக்கிற பொம்பளைக இருக்காங்க. அவங்ககிட்டப் போயி ஒப்பாரிங்கவா?"

"அன்னைக்கு என்ன நாளு?"

அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் மார்கழி பத்தொன்பதாம் தேதிதான் அவள் அம்மா இறந்தாள்.

என் மனைவி பிறந்த ஊர் மகாராஜபுரம். சாவு விழுந்த எந்தத் துட்டி வீடாக இருந்தாலும் அவள் நுழைந்த பிறகுதான் அங்கே அழுகை பாட்டாகும். இன்னொரு பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பிப்பாள். செத்தவர் வெட்டிய கிணறு, விற்ற மாடு, பட்டாளத்துக்கு அனுப்பிய மகன், நடக்காமல் போன கல்யாணம் என்று ஒன்று விடாமல் சொல்லி முடிப்பாள். எண்ணுவதே வேலையாக இருந்த நான் அவள் கணக்கில் ஒரு பிசகும் கண்டதில்லை.

அவள் செத்த அன்று அவள் கணக்கைச் சொல்ல ஆள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடலோடு நான் வந்து சேருவதற்குள் மகள் சவுண்ட் சர்வீஸுக்குச் சொல்லிவிட்டாள். யாரோ ஒருத்தி எந்தத் தாய்க்கோ பாடிப் பதிந்து வைத்த ஒப்பாரி, வாசலில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி கட்டி, எடுக்கும்வரை ஓடியது. மனைவியின் தங்கை தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

"பிரிவுன்னு வச்சுக்கிடுவோம்ப்பா. நாகரிகமா இருக்கும்" என்றாள் மகள்.

"பிரிவு பஸ் ஸ்டாண்டுலயும் இருக்கு. எனக்கு ஒப்பாரிதான் வேணும்."

"மாமா, அப்படிப் போட்டா மறுநாள் குழுவுல நாலு பேருதான் மிஞ்சுவோம்" என்றார் மருமகன். "நீங்க, நானு, அவ, சவுண்ட் சர்வீஸ்காரன்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வத்திராயிருப்பு பஸ் பிடித்து மகாராஜபுரம் போனேன். மனைவியின் தங்கை மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு கிடைக்காவிட்டால் போகிறது, அக்காவுக்காக அவள் பாடினால் என் செல்போனில் பதிந்து வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"நல்லா இருக்கு மச்சான். எழவு விழாத வீட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்கச் சொல்லுதீக. எம்புருசன் உசுரோடதான இருக்காரு?"

"அப்பம் எங்க வீட்டுல, அவ நாளன்னைக்குப் பாடு. படையல் போட்டு, படத்துக்கு முன்னால."

கையிலிருந்த கதிரை உதிர்த்து முடித்தாள். "அங்கன்னா பாடலாம். ஆனா ஒத்தையில வராது. கட்டி அழ ஒரு கழுத்து வேணும். மக கழுத்துன்னா தன்னால வரும். அவள வரச் சொல்லுங்க, நான் வாரேன்."

மகளுக்குப் போன் செய்தேன். அன்று குழுவில் லைவ் இருக்கிறது, வர முடியாது என்றாள். நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள். "அப்பா, சித்தி பாடுறத லைவாப் போட்டுருவோமா? இப்படி யாருமே செஞ்சதில்ல. நீங்க கேட்ட தலைப்பையே வச்சிருதேன். லைட்டு வச்ச செல்போன் ஸ்டாண்டு ஒண்ணு மட்டும் வாங்கி வைங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியது கேட்டுவிட்டால் போதும் என்று கடைக்குப் போய் ஸ்டாண்டு வாங்கினேன்.

ஜனவரி 3, வெள்ளிக்கிழமை, மார்கழி பத்தொன்பது. மழை இல்லை, மழைமானியில் பனி ஈரம் மட்டும். முழங்கால் வலிக்காரி பஸ்ஸில் வர முடியாது என்று கொழுந்தியாளுக்குக் கார் அனுப்பினேன். படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, அவளும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மருமகன் செல்போனை ஸ்டாண்டில் மாட்டினார்.

கொழுந்தியாள் கையை நீட்டி மகளின் கழுத்தைக் கட்டினாள். கண்ணை மூடினாள். வாய் திறக்குமுன் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் மனைவியும் அப்படித்தான் எடுப்பாள்.

"சித்தி, மொகம் தெரியல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் மகள்.

திரும்பினாள். மறுபடி கண்ணை மூடினாள். மறுபடி அந்தச் சத்தம். மகள் அவள் தோளுக்கு மேலாகச் செல்போனைப் பார்த்து, என்னிடம் குசுகுசுவென்று, "நாப்பத்தாறு பேரு பாக்காங்கப்பா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பாள்.

கொழுந்தியாள் கையை எடுத்துவிட்டாள்.

"என்ன சித்தி?"

"ஒங்கழுத்து வெறப்பா இருக்குட்டி. அழுகுற கழுத்து நெஞ்சுல வந்து விழும். இது எட்டி எட்டிப் பாக்கு."

"ஐயோ, லைவ் ஓடுது சித்தி!"

"ஓடட்டும். அன்னைக்குப் பொட்டி ஓடுச்சு, இன்னைக்கு இது ஓடுது. எங்கக்காவுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு ஓடும் போல."

படையல் சோற்றில் ஒரு வாய் சாப்பிட்டாள். என்னிடம், "போயிட்டு வாரேன் மச்சான்" என்றாள். காரில் ஏறிப் போய்விட்டாள். மகள் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அதை யோசிப்பதுண்டு.

மத்தியானத்துக்குள் குழுவில் தலைப்பு "மௌனம்" என்று மாறிவிட்டது. மாலை போட்ட படம் மேலே, தலைப்பு கீழே. வெள்ளைத் தாளைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். புள்ளி மட்டும் வைத்த கோலம் ஒன்று வந்தது. வாயில் விரல் வைத்துச் சிரிக்கும் பொம்மை முகத்தைப் பதினேழு பேர் அனுப்பினார்கள். எண்பத்து மூன்று பதிவு. அந்த மார்கழியில் அதுதான் அதிகம் என்று மருமகன் ராத்திரி போன் செய்து சொன்னார்.

என் மனைவியின் கணக்கு எனக்கு மனப்பாடம். பெற்றது மூன்று, நிலைத்தது ஒன்று. மகாராஜபுரத்திலிருந்து கொண்டுவந்த எருமை. எனக்காக அவள் போகாமலிருந்த ஊர்கள். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் குரலும் இல்லை, கட்டி அழக் கழுத்தும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரிந்த கணக்கு வேறு: காருக்கு ஆயிரத்து எண்ணூறு, காத்திருந்ததற்கு இருநூறு, முன்பு அலைந்த பஸ்ஸுக்குத் தொண்ணூற்றிரண்டு, மாலை நூற்றைம்பது, படையல் நானூற்றிருபது, ஸ்டாண்டு எழுநூற்று நாற்பத்தொன்பது. ஆக மொத்தம் மூவாயிரத்து நானூற்றுப் பதினோரு ரூபாய்.