மாலை போட்ட என் படம்

மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த எனக்கு முட்டும் காளையைக் கண்டு பயமில்லை. உதைக்கும் எருமையைக் கண்டும் பயமில்லை. இந்த வீரத்தை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடையில் அத்தனை வீரமும் கால் வழியாக இறங்கிப் போய்விட்டது.

அந்தக் கடை எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மற்றவர்கள் சீட்டாடப் போகிற மாதிரி நான் அங்கே போவேன். கல் விழுந்த சிவப்புக்கல் தோடு, ஜோடி தொலைந்த வெள்ளிக் காப்பு, மூக்கு உடைந்த பீங்கான் பொம்மை, கண்ணாடியில் வரைந்த கிருஷ்ணர், ஆளுக்கொரு நேரம் காட்டும் சுவர்க் கடிகாரங்கள், மழை பெய்த மறுநாள் கோட்டைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் பொறுக்கிக்கொண்டு வரும் செப்புக் காசுகள். எதுவும் எனக்குத் தேவையில்லை, ஆனால் எல்லாம் வேண்டும். "நம்ம வூட்ல பழசா நான் ஒருத்தி இருக்கிறது பத்தாதா?" என்பாள் என் மனைவி.

கடைக்காரர் ஒரு பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிட நக்கல்காரர். பழைய படங்களில் நிறம் உதிர்ந்த இடங்களை மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு அவரே சரிசெய்வார். அன்றும் கிருஷ்ணருக்குப் புதுச் சுண்டுவிரல் போட்டுக்கொண்டிருந்தார்.

மேல் பலகையில் ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி தெரிந்தது. அதை எடுக்க முக்காலிமேல் ஏறினேன். பெட்டிக்குப் பின்னால், பூ வேலை செய்த கருமரச் சட்டத்துக்குள், கோட்டும் டையும் போட்ட ஒரு வாலிபன். அடர்ந்த மீசை, நெற்றியில் சுருண்டு விழும் முடி. ஆள் லட்சணமாக இருக்கிறானே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் கண்ணாடிமேல் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும், சட்டத்தைச் சுற்றியிருந்த மரச்சீவல் மாலையையும் பார்த்தேன். பாவம், சின்ன வயசு என்று இரக்கப்பட்டேன். இரக்கம் முடிவதற்குள் அது நான்தான் என்று தெரிந்துவிட்டது.

படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். போதாததற்குக் கண்ணாடியில் ஒரு விரிசல், சரியாக என் கழுத்துக்குக் குறுக்கே. முக்காலி ஆடியது. நாடியைப் பார்க்கலாம் என்றால், மாட்டுக்கு வாலடியில் பார்ப்போம், மனிதனுக்கு எங்கே பார்ப்பது என்பது அந்த நிமிடத்தில் மறந்துபோயிற்று.

"பாய், இது யாரு?"

அவர் தூரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது விக்கிறதுக்கு இல்ல சார். கண்ணாடி ஒடஞ்சிடுச்சுன்னு ஒரு அம்மா மாத்தக் குடுத்திருக்குது. அவுங்க வூட்டுக்காரரு. செத்து மூணு வருசம் ஆவுது."

"நல்லாப் பாருங்க பாய். இது நான்."

பாய் படத்தைப் பார்த்தார். என் மீசையில்லாத முகத்தைப் பார்த்தார். வழுக்கையை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"அப்ப நீங்க மவுத்தாகி மூணு வருசமா? ஒரு வார்த்தை சொல்லலியே சார்."

விஷயம் எனக்கு மெல்ல விளங்கியது. இருபத்தைந்து வயதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. கோட்டும் டையும் ஸ்டூடியோக்காரருடையவை. படம் நன்றாக வந்துவிட்டது என்று பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். நான் ஒரு நாளைக்கு நாலு தடவை எந்த வேலையும் இல்லாமல் அந்தப் பக்கம் நடப்பேன். பிறகு அவர் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். மிச்சம் மீதியை எடுத்தவர் இந்தப் பாய். பாய் சொன்ன கணக்குப்படி, தன் வெள்ளிக் கொலுசை விற்க வந்த அந்தப் பெண், கொலுசுக்குப் பதிலாக இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"யாரு என்னான்னு விசாரிக்காம வித்துட்டீங்களே!"

"சட்டத்துக்குத்தான் சார் வெலை. உள்ள இருக்கிற ஆளு இனாம்."

மூன்று வருடமாக எனக்கு நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கடைவாய்ப் பல் போனது, மஞ்சள் காமாலை வந்தது, சாதுவான ஒரு வெள்ளாடு என்னை மட்டும் தேடி வந்து முட்டியது. முடி கொட்டியதும் இதனால்தான் என்று முடிவு கட்டினேன். அது பத்து வருடமாகக் கொட்டுகிறது என்ற கணக்கை மனது ஏற்கவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் யாரோ எனக்குச் சோறு படைத்து, "வந்து சாப்பிடு" என்று அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் மறுபடியும் அமாவாசை. அதற்குள் படம் என் கைக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான் போய்விடுவேன். என் மனைவிக்கு இது தெரிந்தால் அவள் எனக்கு முன்னாலேயே போய்விடுவாள்.

"குடுத்துடுங்க பாய். வேற எது வேணாலும் கேளுங்க."

"ஒருத்தரு பொருளை இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுத்தா நாளைக்கு எவன் என்னை நம்புவான்? அவலூர்பேட்டை பஸ்ல வருது அந்த அம்மா. நீங்களே கேட்டுக்குங்க."

காத்திருந்தேன். கண்டிப்பாக, ஆனால் மரியாதையாகப் பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். "அம்மா, உயிரோடு இருக்கும் ஓர் அரசு ஊழியரை..." என்று ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தேன். எப்போது படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

வாசலில் நிழல் விழுந்தது. முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண், கையில் துணிப்பை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார், எங்க வூட்டுக்காரரைக் கட்டிப் புடிச்சினு நிக்கிறீங்க?"

ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பாய்தான் சொன்னார். "அந்தப் படத்துல இருக்கிறதே இவருதாம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "போ பாய். அவரு எங்க, இவரு எங்க!"

உயிர் போகும் நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது. வழுக்கையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு கோட்டுக்காரன் மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. வேறு வழியில்லாமல் என் இடது காதைக் காட்டினேன். சின்ன வயதில் கடுக்கன் போட்டிருந்த காது அது, மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். படத்திலும் அப்படியே இருந்தது. அவள் கிட்டே வந்து படத்துக் காதைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. முக்காலியில் பொத்தென்று குந்தினாள்.

"அய்யய்யோ. நீங்க சாவலியா?"

"இன்னும் இல்லம்மா."

"இது அவரு இல்லன்னு எனக்குத் தெரியாதா சார்? கல்லு ஒடைக்கிற ஆளு. போட்டோ புடிக்கிற எடத்துக்கே போனதில்ல. கல்யாணத்துக்கும் போட்டோ இல்ல. செத்தப்புறம் படையல் போட ஒரு மூஞ்சி வேணும் இல்ல? கொலுசு விக்கலாம்னு இங்க வந்தேன். இந்த மீசையப் பாத்தேன். அப்டியே அவரு மீசை. பழைய கடைக்கு வந்துட்ட படமாச்சே, இந்த மனுசனும் போய்ச் சேந்திருப்பாருன்னு நெனச்சிட்டேன்." அவள் என் காதை மறுபடியும் பார்த்தாள். "உசுரோட இருக்கிறவருக்கா நான் மூணு வருசமா... வூட்ல அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவுங்க தாலிக்கு நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன் பாரு!"

எழுந்து வந்து, என் கையிலிருந்த படத்தின்மேல் முந்தானையை வைத்துத் தேய்த்தாள். சந்தனமும் குங்குமமும் குழம்பிக் கண்ணாடி முழுக்க இழுபட்டது. விடாமல் தேய்த்தாள். மாலையைப் பிய்த்து எடுத்தாள். நான் பயந்ததைவிட எனக்காக இன்னொருத்தி அதிகமாகப் பயப்படுவதைப் பார்த்ததும், அதட்ட வந்தவன் ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.

"ஒண்ணும் ஆவலம்மா. ஒரு பல்லு போச்சு. ஒரு ஆடு முட்டுச்சு. அவ்ளோதான்."

"அவரு செத்த நாளுக்குப் பீடிக்கட்டு வேற வெச்சேனே."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"கருவாட்டுக் கொழம்பும் வெச்சேன்."

"அது புடிக்கும்."

பாய் இருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவள் சிரிக்கவில்லை. "எடுத்துனு போங்க சார். வூட்ல அக்காகிட்ட சொல்லாதீங்க" என்று பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வாசலில் இறங்கப் போனவள், யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள். "பொண்ணுகிட்டதான் இன்னா சொல்றதுன்னு தெரியல. அவரு போம்போது அவ வயித்துல இருந்தா. கண்ணாடி மாத்த எடுத்துனு வந்ததுல இருந்து, நைனா எப்ப வரும் நைனா எப்ப வரும்னு கேட்டுனே இருக்கிறா."

கேட்டது கைக்கு வந்துவிட்டது. பொட்டு போய்விட்டது, மாலை போய்விட்டது, நான் பிழைத்துவிட்டேன். அப்படியே அடுத்த சந்தில் திரும்பி வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். கால் நகரவில்லை. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? மனைவிக்குத் தெரியாமல் மாட்டாஸ்பத்திரி அலமாரியில் ஒளித்துவைப்பேன், தினமும் திறந்து பழைய மீசையைப் பார்த்துக்கொள்வேன். அங்கே ஒரு குழந்தைக்கு அப்பாவின் முகமே இருக்காது.

"பாய்," என்றேன். "என்னை அழிச்சிடுங்க."

"இன்னா சார்?"

"கிருஷ்ணருக்கு வெரல் போடறீங்க இல்ல? இதுல என் மூஞ்சிய எடுத்துட்டு அவரு மூஞ்சியப் போடுங்க. அந்தம்மா சொல்லட்டும்."

இதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது என் முகமாக இல்லாமல் போய்விட்டால் படையலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிற கணக்குதான்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். கறுப்பு மையைக் குழைத்தார், பிளேடு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டார். அவள் முதலில் கூச்சப்பட்டாள். "மீசையத் தொடாதீங்க. நெத்தி மட்டும் இவ்ளோ பெருசு இல்ல" என்றாள். என் நெற்றி சுருங்கியது. "மூக்கு நடுவுல கொஞ்சம் வளைஞ்சிருக்கும்." என் மூக்கு வளைந்தது. "காதைத் தெச்சிடுங்க." கிழிந்த மடல் ஒட்டிக்கொண்டது. கூச்சம் போய் அதிகாரம் வந்தது. "தாடை இப்டி கொழகொழன்னு இருக்காது பாய், கல்லு மாதிரி இருக்கும்." நான் என் தாடையைத் தடவிக்கொண்டேன். "இந்தப் புருவத்துல கல்லுச் சில்லு தெறிச்ச தழும்பு." பாய் பிளேடு நுனியால் சுரண்ட, வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. எனக்குப் புருவம் கூசியது.

"கோட்டை எடுத்துட்டுத் துண்டு போட்டுடலாமா?" என்று பாய் கேட்டார்.

அவள் யோசித்தாள். "கோட்டு இருக்கட்டும் பாய்."

கடைசியாகக் கண்கள். "சிரிக்க மாட்டாரு. ஆனா சிரிக்கப் போறாப்பல இருக்கும்" என்றாள். பாய் நாலு தடவை தொட்டார், நாலு தடவையும் இல்லை என்றாள். ஐந்தாவது தடவை, குந்தியிருந்தவள் எழுந்தாள், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பாய் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். என் கோட்டுக்குள் நான் ஒருபோதும் பார்த்திராத ஒரு மனிதன் இருந்தான். நீ யார் என்று கேட்பது மாதிரி என்னைப் பார்த்தான். அன்று முழுவதும் பட்ட அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. ஓர் அடி பின்னால் போனேன்.

புதுக் கண்ணாடி போட்டு, பின்பக்கம் ஆணி அடித்து, பாய் படத்தை அவளிடம் நீட்டினார். அவள் பையிலிருந்து, படையலுக்கு வாங்கி வைத்திருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தவள் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"வெக்கட்டுமா அண்ணா?"

மைக்கு அடியில் எங்கேயாவது நான் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பேனோ என்று ஒரு நொடி பயமாகத்தான் இருந்தது.

"வைம்மா" என்றேன்.

அவள் விரல் கண்ணாடியைத் தொட்டது. எனக்கு நெற்றி நமைத்தது. நான் சொறியவில்லை.