இடம் மாறி நின்ற ஷார்ட்ஸ்டாப்

லண்டன் டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சண்டை நடக்கும். குசினி மேசையின் ஒரு பக்கத்தில் மேலறையில் வாடகைக்கு இருந்த அண்ணை, மறுபக்கத்தில் முன்னறையில் இருந்த தம்பி. நடுவில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். கணவருக்கு ஞாயிறுகளில் ஷிப்ட் என்பதால் அவர் தப்பிவிடுவார். இயக்கங்களைப் பற்றியோ இந்திய ராணுவத்தைப் பற்றியோ சண்டை என்றால் எனக்குப் புரிந்திருக்கும். அப்போது லண்டனில் தமிழர் இருந்த எல்லா வீட்டிலும் அந்தச் சண்டை நடந்தது. இவர்கள் சண்டை போட்டது அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்பாலில் இதுவரை பிறந்த ஷார்ட்ஸ்டாப்களில் யார் பெரியவன் என்று.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் மிச்சம் என்ற இடத்தில் பாண், அதாவது ரொட்டி, செய்யும் ஃபக்டரியில் வேலை. லண்டனுக்கு வருமுன் இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். தம்பி சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் எஞ்சினியர். அவரும் கம்பெனி வேலையாக ஒன்றரை வருடம் அமெரிக்காவில் இருந்தவர்தான். ஒருநாள் சோறு சாப்பிடும்போது தம்பி ஏதோ ஒரு ஆட்டக்காரனின் பெயரைச் சொல்ல, அண்ணை கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். அன்று தொடங்கியது.

கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கியது. பந்து அடிப்பவன் நான்கு மூலைகள் உள்ள ஒரு சதுரத்தைச் சுற்றி ஓட வேண்டும். இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் எதிரணியில் ஒருவன் நிற்பான். அவன்தான் ஷார்ட்ஸ்டாப். பந்து அதிகம் வருவது அவனிடம்தான். குனிந்து பொறுக்கி, நிமிர்வதற்குள் எறிய வேண்டும்.

ஷார்ட்ஸ்டாப்புக்குக் கைதான் எல்லாம் என்பது அண்ணையின் கட்சி. கையுறைகூடச் சரியாக இல்லாத காலத்தில், கல்லும் குழியுமான மைதானத்தில் ஆடிய ஒரு பழைய ஆளை அவர் தூக்கிப் பிடிப்பார். கையால் பிடித்தால் மட்டும் போதாது, அடிக்கவும் தெரிந்தவன்தான் பெரியவன் என்பது தம்பியின் கட்சி. அவருடைய ஆள் அந்த வருடமும் ஆடிக்கொண்டிருந்தவன். அண்ணை பழையவனின் கணக்குகளை ஒப்புவிப்பதைக் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தேவாரம் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் சமீபத்து ஆட்டங்களைப் பற்றித் தம்பி கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு தம்பி சிரித்துக்கொண்டே, "செத்துப் போன ஆளுக்காக ஏன் சார் இவ்வளவு சண்டை போடறீங்க?" என்றார்.

அண்ணை எழும்பி மேசையில் ஓங்கி அடித்தார். சொதிச் சட்டி கவிழ்ந்து என் காலில் சுடச்சுட ஊற்றியது. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. நேரே மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வருடமாக அந்த வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூடச் சத்தமில்லாமல் திறந்து மூடிய மனிதர். என் கால் எரிவதே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு செய்தியோடு வந்தார். கோடைகாலத்து ஞாயிறுகளில் லண்டனில் வேலை செய்யும் அமெரிக்கர்கள் ஹைட் பார்க்கில் கூடி விளையாடுகிறார்களாம். பந்து கொஞ்சம் பெரியது, மற்றபடி அதே விளையாட்டுத்தானாம். சாரைக் கூட்டிக்கொண்டு போவோம் என்றார். அண்ணை முதலில் ஏலாது என்றார், உடம்பு சரியில்லை என்றார். நான்தான் விடவில்லை. கட்டுச் சோறும் ஃபிளாஸ்கில் தேநீரும் எடுத்துக்கொண்டு மூவரும் ரயில் ஏறினோம்.

நாங்கள் போனபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. அரைக் காற்சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் புல்லில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தை அடித்துவிட்டு மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.

அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"மாறி ஓடுறான்," என்றார்.

தம்பி திரும்பினார். "என்ன சார்?"

"மற்றப் பக்கமெல்லோ ஓட வேணும்."

"இல்ல சார், சரியாத்தான் ஓடறான். வலப்பக்கம்தான் முதல் பேஸ்."

அண்ணை மைதானத்தையே பார்த்தார். உதடுகள் அசைந்தன, எதையோ எண்ணிப் பார்ப்பவர்போல. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஷார்ட்ஸ்டாப் எங்க நிக்கிறான்?"

தம்பி சிரித்தார், பகிடி என்று நினைத்து. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையை நீட்டி, எங்களுக்கு இடப்பக்கமாக நின்ற ஒரு நெட்டையனைக் காட்டினார். அண்ணை இவ்வளவு நேரமும் வலப்பக்கத்தில் நின்ற வேறொருவனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், நீங்க மேட்ச் பாத்திருக்கீங்கல்ல?"

அண்ணை புல்லில் உட்கார்ந்தார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அமெரிக்காவுக்குப் போனதில்லை, தங்கச்சி. அந்த ரெண்டு வருசமும் மறியலில இருந்தனான்."

அதன்பின் அவர் சொன்னதை எந்த ஒழுங்கில் சொன்னார் என்று எனக்கு இப்போது நினைவில்லை. சிறையில் ஒரே அறைக்குள் பதினொரு பேர். மேலட்டை இல்லாத ஒரு ஆங்கிலப் புத்தகம், முன்பு அங்கே கிடந்த யாரோ விட்டுப் போனது. அது பேஸ்பால் பற்றியது. படங்கள் இருந்த பக்கங்களை ஏற்கெனவே யாரோ கிழித்திருந்தார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் இருவர், அண்ணையும் ஒரு கணக்கு வாத்தியாரும். மற்றவர்களுக்கு அவர்கள் தமிழில் சொல்ல வேண்டும். முதலில் அது என்ன விளையாட்டு என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆனதாம். செங்கல் துண்டால் சீமெந்துத் தரையில் மைதானத்தைக் கீறினார்கள். ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் மூலைக்கு இடப்பக்கம் நிற்பான் என்று புத்தகத்தில் இருந்தது. யாருடைய இடப்பக்கம் என்று இல்லை. அடிப்பவனைப் பார்த்தபடி வெளியே நிற்பவனின் இடப்பக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கேற்றபடி மிச்சம் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்கள். பதினொரு பேரும், பேஸ்பாலைக் கண்ணால் காணாதவர்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்து யார் பெரிய ஷார்ட்ஸ்டாப் என்று நாள் முழுக்க வாதாடினார்கள். அடி வாங்கிவிட்டு வந்து படுத்திருப்பவனும் தலையைத் தூக்கித் தன் கட்சிக்கு ஒரு வார்த்தை சொல்வானாம்.

"அங்க நான் தம்பியின்ரை கட்சி," என்றார். "அடிக்கிறவன்தான் பெரியவன் எண்டு நிண்டனான். கைதான் பெரிசெண்டு சொன்னது வாத்தியார்."

ஒருநாள் காலை வாத்தியாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாதத்தை வந்து முடிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. நான்கு மாதம் கழித்து அண்ணையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரையோ சிறை வாசலில் கொண்டுவந்து வெளியே விட்டுவிட்டார்கள். ஏன் என்று அவருக்கே தெரியாது.

"ஊரில எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வாத்தியார் வரேல்லை, நீ மட்டும் எப்பிடி வந்தனீ எண்டு. வாத்தியாரின்ரை மனுசியும் கேட்டவ."

அதனால்தான் லண்டனில் யார் கேட்டாலும் அமெரிக்கா என்று சொல்லத் தொடங்கினாராம்.

நான் அதிர்ந்து போய் உட்கார்ந்திருந்தேன். அவர் பட்டதைக் கேட்டு மட்டும் அல்ல. அவர் அதைச் சொல்லி முடித்த அந்தக் கணத்தில் என் வாய்க்குள்ளும் அதே கேள்வி வந்து நின்றது. எப்படி நீங்கள் மட்டும்? யாரைக் காட்டிக் கொடுத்தீர்கள்? என் கையால் ஒரு வருடம் சோறு போட்ட மனிதரைப் பார்த்து எனக்கு அது தோன்றியது. வாயை இறுக மூடிக்கொண்டேன். அண்ணை என் முகத்தை ஒரு விநாடி பார்த்தார். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

தம்பிதான் ஏதோ பேசினார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்க்காரர் அல்லவே. ஃபிளாஸ்க் மூடியையும் கரண்டிகளையும் புல்லில் பரப்பி வைத்து, இதுதான் அவர்கள் கீறிய மைதானமா என்று கேட்டார். அண்ணை இரண்டு கரண்டிகளை நகர்த்தினார். தம்பி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"தூரம், கோணம் எல்லாம் சரியா இருக்கு சார். கண்ணாடில பாத்த மாதிரி திரும்பியிருக்கு, அவ்வளவுதான்."

ஆட்டம் முடியும்வரை அண்ணை அந்த நெட்டையனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் இரண்டு பந்தைக் கோட்டைவிட்டான். அண்ணை இரண்டு முறையும் உச்சுக்கொட்டினார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் குசினியில் சத்தமில்லை. மூன்றாம் ஞாயிறு தம்பி வந்து உட்கார்ந்து, தான் யோசித்துப் பார்த்ததாகவும், கைதான் முக்கியம் என்று இப்போது படுவதாகவும் சொன்னார். அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அது வாத்தியாரின்ரை கட்சி. அதை நான் பாக்கிறன். நீர் உம்மடை கட்சியில நில்லும்."

தம்பி தன் கட்சியில் நின்றார். அடுத்த வருடம் அமெரிக்காவுக்கே திரும்பிப் போகும்வரை நின்றார்.

அண்ணையும் சில மாதங்களில் வால்தம்ஸ்டோவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பிறகு அவருக்குக் கல்யாணம் நடந்தது. நாங்கள் பண்டிகைகளுக்கு ஃபோனில் பேசுவதோடு சரி. அவரை நேரில் பார்க்க நான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவருடைய மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு அவரே இரண்டு முறை கூப்பிட்டதால் கணவரோடு போக வேண்டியதாயிற்று. ஏழு வருடத்தில் நன்றாகச் சதை போட்டிருந்தார். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தார்.

அவருடைய மனைவி கையில் பலகாரத் தட்டோடு என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கள்தானே டூட்டிங் அக்கா. இவர் கல்யாணத்துக்கு முன்னமே எனக்கு எல்லாம் சொன்னவர். எல்லாரும் கேட்ட கேள்வியை நீங்கள் மட்டும் கேக்கேல்லையாம். உங்களைப் போல ஒருத்தர் இருந்தபடியால்தான் எனக்கும் சொல்லத் துணிஞ்சவராம்."

தட்டை வாங்கி மடியில் வைத்தேன். அன்று அவர் என் முகத்தில் ஒன்றும் காணவில்லையா, அல்லது கண்டும் மனைவியிடம் இப்படிச் சொன்னாரா? மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்றவரிடம் போய் எப்படிக் கேட்பது? அந்தப் பெண் என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வரும் ரயிலில் கணவர் ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். ஹைட் பார்க்கில் நடந்ததை அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன். என் வாய்வரை வந்த கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அதை இப்போது சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

அவர் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் வந்து சொன்ன அண்டைக்கு எனக்கும் முதல்ல அதுதான் வந்தது," என்றார்.

ஸ்டொக்வெல்லில் இறங்கி வண்டி மாறினோம்.